ஒரு காதில் மட்டும் தோடு

வேலாயுதம் இறந்துபோன செய்தி மில் கேட்டுக்கு டெலிபோனில் வந்தது. வாட்ச்மேன் வந்து சொன்னபோது நான் ஸ்டாஃப் டூருக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் ஒன்பது கோயில். அவர் வெறுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் போன செய்தியைக் கேட்டேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ராஜபாளையம் மில் ஆபீசில் டைப்பிஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர். லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு பழைய இடத்துக்குப் போய்க் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஒருமுறை மூன்று நாள் மதுரைக்குப் போய் வந்தார்.

"ஏலே, மூணு நாளா என்னத்தப் பாத்த?" என்று கேட்டேன்.

"மகால்ல பாதி பாத்தேன். மிச்சம் பொங்கல் லீவுக்கு."

ஆபீசே சிரித்தது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

எண்பதுகள் முழுக்க டூர் மானேஜர் நான். கழுத்தில் விசில் தொங்கும். ஒரு கோயிலுக்கு இருபது நிமிஷம். அதற்குள் சாமியைப் பார்த்து, பிரகாரத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று, இலையை அங்கேயே வீசிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். வெற்றிலை போட்டவர்கள் சுண்ணாம்பு விரலைக் கல்வெட்டில் துடைப்பார்கள். சிலையின் மூக்கில் துடைத்ததையும் பார்த்திருக்கிறேன். சீ! அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நான் விசில் ஊதினேன்.

ஆட்களை எண்ணுவதில்லை. எல்லாரும் செருப்பை ஒரே இடத்தில் குவியலாகக் கழற்றிப் போட வேண்டும். குவியல் காலியானால் எல்லாரும் வந்தாச்சு என்று கணக்கு. இந்த யோசனையில் எனக்குப் பெருமை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், மலையடிவாரத்துக் குவியல் காலியானதும் வண்டியை எடுக்கச் சொன்னேன். ராஜபாளையம் வந்து இறங்கும்போதுதான் சீட்டுக்கடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வேலாயுதம் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு மலையேறியிருந்தார்.

மறுநாள் ஆபீசில் தலைகுனிந்து செருப்பை நீட்டினேன். அவருக்குக் கோபமே இல்லை.

"நீங்க போன பொறவுதாம்லே மலை மலையா இருந்துச்சு. ஒவ்வொரு டூர்லயும் செருப்ப வண்டியிலதான் விடுவேன். எப்படா என்னிய விட்டுட்டுப் போவீங்கன்னு எம்புட்டு நாள் காத்துக் கிடந்தேன் தெரியுமா?"

அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் ஒரு தூணில் இருக்கிறாளாம். ஒரு காதில் தோடு உண்டு. மறு காதில் செதுக்கவே இல்லை.

"சாயந்தர வெயில் அவ மொகத்துல விழும். செத்த நேரந்தான். அப்பத்தான் அந்தக் காது தெரியும். உளிய வச்சிட்டுச் சாப்பிடப் போனவன் ஏன் திரும்பி வரலன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு நாள் வா, காட்டுதேன்."

அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அந்த அடுத்த வாரத்தை ஒன்பது வருஷம் சொன்னேன்.

துக்கத்துக்கு ஆபீஸ்காரர்கள் வேனில்தான் போனோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவர் வாட்சைப் பார்த்தார். "வந்தது வந்தாச்சு, நடை சாத்துமுன்ன ஆண்டாளையும் பாத்துருவோமா?" என்றார். துக்க வீட்டிலிருந்து குளிக்காமலா என்று நான் கேட்டதற்கு, "வண்டியில வாட்டர் கேன் இருக்குல்லா? தலையில தெளிச்சுக்கிட்டாப் போச்சு" என்றார் இன்னொருவர். செத்தவரை வழியிலிருக்கும் ஒரு ஸ்டாப்பாக்கிவிட்டார்கள். அவர்களை அப்படிப் பழக்கியவனே நான்தான்.

வாசலில் செருப்புக் குவியல் காலியானது. விசில் இல்லாமலே வேன் கிளம்பியது. என் செருப்பு அந்த வேனுக்குள் கிடந்தது. நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன்.

அன்று சாயங்காலம்வரை அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அவருடைய மனைவியிடம் அந்தப் பெண் எந்தத் தூணில் இருக்கிறாள் என்று கேட்டேன். ஒன்பது வருஷத்தில் அதைக்கூட அவரிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியாதே. நானும் கேட்டேன். மொதல்ல உங்களுக்குத்தான் காட்டணும்னு வச்சிருந்தாவ அவிய" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் மடவார் வளாகம் போகிறேன். வெயில் செத்த நேரந்தான் நிற்கிறது. அதற்குள் ஒரு தூணைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடிகிறது. போன ஞாயிறு வரை ஏழு தூண் பார்த்திருக்கிறேன். அவள் இன்னும் அகப்படவில்லை. விசிலைத் தூக்கிப் போட்டாயிற்று. வேலாயுதம் எனக்கென்று வைத்துவிட்டுப் போனது இந்தச் சாயங்காலங்கள்தான். யாருக்காவது அந்தத் தூண் தெரிந்திருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.