படத்தில் கஞ்சி ஊட்டிய தம்பி

எய்ட்ஸ் வந்து சாகிறவனை நம் சினிமாக்காரர்கள் எப்படிப் படுக்க வைப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். வெள்ளைப் படுக்கை, ஜன்னல் வெளிச்சம், இரண்டு இருமல். ஆண்மேல் ஆசைப்பட்டவன் என்றால் கூடுதலாக ஒரு மன்னிப்பு வசனம். வயிற்றுப்போக்கு கிடையாது, வாயில் புண் கிடையாது. ஊர் கல்லெறியும், குடும்பம் கட்டிப்பிடித்து அழும். யார் வீட்டில் ஐயா பார்த்தீர்கள் இதை?

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது நேரெதிர். அண்ணன் ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினான். ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்னதும் அம்மா தெருவுக்கு டி.பி. என்று அறிவித்துவிட்டாள். எங்கள் தெருவில் டி.பி.க்கு யாரும் பெரிதாகப் பயந்ததில்லை. வீட்டுக்கு ஒருவருக்கு வந்து போனதுதான். எதிர்வீட்டு மீன்காரம்மா தினமும் ஆட்டுக்கால் சூப்போடு வந்து அவன் கட்டிலிலேயே உட்கார்ந்துகொள்வாள். "குட்ச்சுக்கோ கண்ணு, ஒடம்பு தேறிக்கும்" என்று தன் கையால் ஊட்டுவாள். பொய்யை நம்பியவள் அவனைத் தொட்டாள். உண்மை தெரிந்த நாங்கள் தொடவில்லை. நான் கஞ்சித் தட்டை அவன் அறை வாசலில் வைத்து, துடைப்பக் கட்டையால் உள்ளே தள்ளிவிடுவேன். காலேஜ் படித்தவன் வேறு.

அண்ணனுக்கு ஒருவர் இருந்தார், அதே வின்ச்சில் ஷிப்ட் மாற்றிக்கொள்பவர். இருவரும் ஒருவருக்கொருவர் என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 'தோஸ்து' என்று சொல்லி முடித்துக்கொள்வோம். ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது அம்மா கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு வருவாள். நாங்கள் மாதா கோவிலிலிருந்து திரும்புவதற்குள் அவர் வந்து, அண்ணனைக் குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்டுப் போயிருப்பார். இப்படியே அவர் முகத்தைப் பார்க்காமல் எட்டு மாதம் ஓட்டினோம். அவ்வளவு கௌரவமான குடும்பம்.

அண்ணன் போய் முப்பது வருடம் ஆகிறது. அவரும் நானும் கல்லறைத் திருநாளன்று மட்டும் காசிமேட்டில் அண்ணன் கல்லறையருகே பார்த்துக்கொள்வோம். போன மாதம் திடீரென்று போன் செய்து, "படம் ஒண்ணு வந்துகீது, வா" என்றார். போனேன்.

திரையில் அதே வெள்ளைப் படுக்கை, அதே வெளிச்சம். ஜிம் உடம்போடு ஒரு தம்பி, அண்ணனை மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டினான். வயலின் கதறியது. முன்வரிசையில் மூக்கை உறிஞ்சினார்கள். "உடான்ஸு" என்று சொல்ல அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கண்ணன் இத்தயேதான் சொல்லிகினு இருப்பான். 'தம்பி மடியில போட்டு ஊட்டி வுடறான், நீ ஏன் பேஜாராவுற'ன்னு. அத்த நம்பித்தான் நைனா நான் வாரம் முச்சூடும் வேலைக்குப் போனேன்."

அண்ணன் அப்படிச் சொல்லியிருக்கிறான். நான் தட்டைத் தள்ளிய அறையில் படுத்துக்கொண்டே என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். ஊட்டியது நானில்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஆமாண்ணே," என்றேன். "கஞ்சி மட்டுந்தான் எறங்கும் அவனுக்கு. அதுவும் நான் ஊட்டுனாத்தான்."