மணந்து பார்க்காத பூ

மாலை நாலு பத்து. மூன்றரைக்கு வர வேண்டிய மகள் இன்னும் கனடாவின் எட்மண்டனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பதினொரு வயது. போனையும் மேசையிலேயே விட்டுப் போயிருந்தாள். அவள் பெயரைக் கத்திக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் ஓடினேன்.

பொப்லார் மரங்களுக்கிடையே வெயில் விழுந்த இடங்களில் ஊதா நிறக் காட்டு அஸ்டர் பூத்திருந்தது. காலில் மிதிபட்ட இலையின் கசப்பு வாசம் ஏறியதும் கிளிநொச்சிக் காட்டோரம் நினைவில் வந்தது. சரஸ்வதி பூசைக்கு அப்பா அங்கே சின்ன ஊதாப் பூக்கள் பறிப்பார். ஒருமுறை ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டேன். பறித்த பூவையெல்லாம் கூடையோடு வேலிக்கு வெளியே கொட்டினார்.

"நீ மணந்த பூவைச் சாமிக்கு வைக்க ஏலுமே, மூதேசி?"

அப்பா மேல் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நேற்று, கடையில் வாங்கிய செவ்வந்தியை மகள் மணந்தபோது, நானும் அதே சொல்லால் திட்டி, பூவைக் குப்பையில் போட்டேன். இன்று பூசை.

மரங்களுக்குள்ளிருந்து அவள் வந்தாள். சப்பாத்தெல்லாம் சேறு. ஊதாப் பூக்களை முகத்துக்கு எட்டாமல் கைகளை நீட்டிப் பிடித்திருந்தாள். அடிக்கக் கை ஓங்கினேன்.

"அடிக்காதேங்கோ அம்மா. நான் ஒண்டையும் மணந்து பாக்கேல்லை."