உரமானியப் பட்டியலில் இல்லாதவள்

நறுவிலிக்குளத்து மங்கையற்கரசிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். குளத்துத் தண்ணீர்க் கூட்டத்தில் ஆம்பிளைகள் பத்துப் பேரைத் தனியாளாகப் பேசி மடக்குவாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. வயலை விதைத்துவிட்டால், முளை வெளியே தெரியும்வரை அதைப் பற்றி மூச்சு விடமாட்டாள். சொன்னால் கண்ணூறு பட்டுவிடுமாம். புருஷன் போன பிறகு பதினாறு வருடமாக மூன்று ஏக்கரையும் அவளே செய்கிறாள். ஒரு போகத்திலாவது இந்தப் பழக்கத்தை மாற்றியதில்லை.

இந்தப் பெரும்போகத்திலும் புழுதி விதைப்புத்தான். மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்து மூடிவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு வெறும் மண்தான் தெரியும். அவள் விதைத்த அன்றைக்குப் பக்கத்து வயல் பரமநாதன் வரம்பில் நின்று, அவள் ஊற்றிக் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே பார்த்தான். அவனும் நல்ல நாள் பார்த்துத் தன் வயல் மூலையில் ஒரு பிடி நெல்லைத் தூவியிருந்தான். உழவு இயந்திரம் கிடைத்ததும் மீதியை விதைப்பதாக இருந்தான்.

நாலாம் நாள் விவசாயக் கந்தோரிலிருந்து வேணுஜா என்ற புது உத்தியோகத்தர் பதிவேட்டோடு வந்தாள். விதைத்த வயலுக்குத்தான் உரமானியக் காசு. இரண்டு வயலும் ஒரே மண்ணாகக் கிடந்தன. விதைத்தாயிற்றா என்று கேட்டாள். பரமநாதன் ஓமென்றான். ஒரு பிடி தூவினாலும் ஊர் வழக்கில் அது விதைப்புத்தானே. மங்கையற்கரசி சிரித்துக்கொண்டு, "மழை வரட்டும் பிள்ளை, பாப்பம்" என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கந்தோர்ச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பரமநாதனின் பெயர் முதல் தாளிலேயே இருந்தது. அவன் வயலுக்கு இயந்திரம் வரவேயில்லை. மூலைப் பிடி நெல்லைத் தவிர மற்றதெல்லாம் புல்தான். மங்கையற்கரசியின் பெயர் கடைசித் தாளில், 'பயிரிடாதோர்' என்ற தலைப்பின் கீழ் கிடந்தது. திரும்பத் திரும்ப வாசித்தாள். பயிர் யூரியாவுக்குக் காத்து நிற்கிறது. காதுத் தோட்டை உழவுக்கே அடைவு வைத்தாயிற்று. இந்தக் காசு வராவிட்டால் பயிர் மஞ்சளாகிப் பதராகத்தான் போகும்.

வேணுஜா தயவாகத்தான் பேசினாள். பதிவு நடந்த நாளுக்குப் பிறகு விதைத்தவர்களுக்குக் காசு இல்லை. முந்தியே விதைத்ததென்று பக்கத்து வயல்காரர் சாட்சி சொன்னால் திருத்தலாம் என்றாள். மங்கையற்கரசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பரமநாதன்தான் கண்ணால் கண்டவனாயிற்றே. அடுத்த நாளே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்த அம்மா விதைச்சதை நீங்கள் கண்டனீங்களோ, ஐயா?"

பரமநாதன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான்.

"நான் காணேல்ல, மிஸ்."

பத்து ஆம்பிளைகளை மடக்குகிறவளுக்கு ஒரு சொல் வரவில்லை. எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே வந்த பரமநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கோவிக்காதேங்கோ அக்கா. நான் ஓமெண்டால் உங்கட வயலைப் பாக்க வருவினம். பக்கத்தில என்ர வயலும் கிடக்கெல்லோ."

அவள் அவனுடைய முகத்தையே பார்த்தாள். என்ன மனிதன் இவன்! மோர் குடித்த வாயாலேயே காணவில்லை என்கிறான். அந்தக் கோபத்திலேதான் பூட்டும் கழன்றது. விடுவிடென்று உள்ளே போய் மேசைக்கு முன் நின்றாள்.

"பிள்ளை, நீங்கள் வந்த அண்டைக்கு நான் விதைச்சு நாலு நாள். கண்ணூறுக்குப் பயந்து சொல்லேல்ல, அது என்ர பிழை. இப்ப வந்து என்ர பயிரின்ர வளத்தியைப் பாருங்கோ, எப்ப விதைச்சதெண்டு அது சொல்லும். பக்கத்து வயலில பயிரே இல்லாததையும் பாருங்கோ."

வேணுஜா பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்ற பரமநாதன் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.