வாலை உள்ளே செருகிய முடிச்சு

சீப்பை வாயில் கவ்விக்கொண்டு, என் எதிர்வீட்டுப் பெண்ணின் கூந்தலை மூன்றாகப் பிரிக்கிறாள் சூப்பர்வைசர் அக்கா. மணி ஏழு பத்து. ஆறு வருடங்களாக, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, இதே நேரம். தான் காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து பின்னிவிட்டுப் போனாள்.

“தலையைப் பின்றியா, கசக்கிப் பிழியறியா? எங்க போனாலும் உனக்கு லாண்டரி புத்திதான்க்கா!” என்பாள் உட்கார்ந்திருப்பவள். அவளுடைய வலது கையில் நான்கு விரல்கள் மடங்கியேதான் இருக்கும்.

மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் இருவரும் ஒரே இயந்திரத்தில் ஷிஃப்ட் மாறி நின்றவர்கள். அங்கே பதிவேடுகளை எழுதியவன் நான். விரிப்பைத் தேய்க்கும் உருளைக்கு முன்னால் ஒரு காப்புக் கம்பி உண்டு. கை பட்டால் உருளை நின்றுவிடும். ஈர விரிப்பு உரசினாலும் நின்றுவிடும் என்பதுதான் தொல்லை. அந்த மாதம் சூப்பர்வைசர் பதவிக்கு அக்காவின் பெயர் அடிபட்டது. யார் அதிகம் தேய்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அந்தக் கம்பியை யாரோ துணிப்பட்டையால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அக்கா ஷிஃப்ட் முடிந்து போக, இளையவளான எதிர்வீட்டுப் பெண் வந்து நின்றாள். இருபதாவது நிமிடம் அவள் கை உள்ளே போயிற்று. உருளை நிற்கவில்லை.

“யார் கட்டினது?” என்று மேனேஜர் கேட்டார்.

“தெரியல சார். மெஷின்ல நின்னது அவதானே” என்றாள் அக்கா.

கட்டிலில் கிடந்தவளிடம் நான் போய்க் கேட்டேன். “கம்பியில ஒரு முடிச்சு இருந்துச்சு சார். ரெண்டு கண்ணி, வாலு உள்ள செருகி. கை மாட்டினப்ப அதையேதான் பாத்துட்டிருந்தேன். முன்னாடியே பாத்திருக்கணும். என் தப்புதான்.” விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினேன். அடுத்த மாதம் அக்கா சூப்பர்வைசர் ஆனாள்.

பிறகு ஒரு நாள் மூட்டைக் கயிறு அறுந்து விரிப்புகள் சரிந்தன. அக்கா ஓடிப்போய் அள்ளிக் கட்டினாள். இரண்டு கண்ணி, வால் உள்ளே. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவிழ்த்துவிட்டாள். “எழுதினது எழுதினதாவே இருக்கட்டும் சார். புள்ளைங்க படிக்குதுங்க.” நானும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு அவள் எதையும் முடிச்சுப் போட்டு நான் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பைக்கு ஜிப். இளையவளின் பின்னல் நுனிக்கு ரப்பர் பேண்ட். “முடியைப் பிச்சு எடுக்குதுக்கா, நாடாவால கட்டேன்” என்று அவள் கெஞ்சினாலும், “நாடா வழுக்கும்டி” என்று ஒரே பதில். பின்னி முடித்து, தண்ணீர் பிடித்து வைத்து, மாத்திரைகளைச் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று தெருவில் யாராவது சொன்னால், படியிறங்கும் வேகம் கூடும்.

இன்று காலை நானும் அங்கே இருந்தேன். தொலைபேசி விசாரணைகளுக்குப் பதில் சொல்லும் வேலை ஒன்றுக்கு இளையவள் விண்ணப்பிக்கிறாள். எழுதித் தரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். ‘முந்தைய வேலையை விட்ட காரணம்’ என்ற இடம் வந்தது.

“என்னம்மா போட?”

“நடந்ததை எழுதுங்க சார். என் கவனக்குறைவு.”

“அப்படிப் போட்டா வேலை குடுப்பாங்களா?”

“குடுக்கலைன்னா போகட்டும். பொய் எழுதச் சொல்றது யாரு, நீங்களா?” என்று சிரித்தாள்.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

“சார், பேனாவை வைங்க” என்றாள் அக்கா.

மணிக்கட்டில் இருந்த ரப்பர் பேண்டை அவள் கழற்றவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் வருடக்கணக்காகத் தொங்கும் கருப்பு நாடாவை எடுத்தாள். இரண்டு கண்ணி போட்டாள். வாலை உள்ளே செருகினாள். பிறகு பின்னலைத் தோளுக்கு முன்னால் கொண்டுவந்து, அதன் நுனியை அந்த மடங்கிய விரல்களின் மேல் வைத்தாள்.