எந்த இயர்போன் உண்மை சொல்லும்?

1. கவுண்டர்

தொண்ணூறுகளின் நடுவில், வெளிநாட்டில், பிரெஞ்சு பேசும் ஊரான புரோசார்ட்டில், ஒரு ஷாப்பிங் மாலுக்குள் இருந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். சென்னையில் டேப் ரெக்கார்டர் சர்வீஸ் செய்தவன் என்பதால் இயர்போன் கவுண்டரை என்னிடம் தள்ளிவிட்டார்கள். சுவரில் ஒரு போர்டு. அதில் வரிசையாகத் தொங்கும் இயர்போன்கள். வருகிறவர்கள் ஒவ்வொன்றாகக் காதில் செருகிப் பார்ப்பார்கள். அவர்கள் கழற்றியதும் நான் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மறுபடி மாட்ட வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கிவிடும். நாள் முழுக்க ஒரே டெமோ பாட்டு. பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

மேனேஜர் மிஷெல் முதல் நாள் பிரெஞ்சில் சொன்னதன் சாரம் இதுதான்: "ஸ்பெக்கெல்லாம் விளக்காதே. தம் தம்னு அடிக்கிற பாஸ் அதிகமா இருக்கறதைக் காதுல வை. தலை ஆடினா பில் போடு."

அவர் சொன்னது தவறில்லை. அப்போது எல்லோரும் பாஸ் கேட்டார்கள். இரண்டு இயர்போனை ஒப்பிடும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் தரமாகத் தோன்றும். அதனால் நான் வால்யூமைச் சமமாக வைத்துக் கொடுப்பேன். விற்க வேண்டிய மாடலுக்கு மட்டும் மிஷெல் ஒரு சுற்றுக் கூட்டிவிடுவார்.

2. குணம் அண்ணை

அதே மாலில் இருந்த உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற ஒருவர் இடைவேளைகளில் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் குணம். வயதில் மூத்தவர் என்பதால் அவர் ஊர் வழக்கப்படி அண்ணை என்றே கூப்பிட்டேன். கைவிரல்கள் சோப்புத் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருக்கும். சட்டைப் பையில் சொந்தமாக ஒரு வாக்மேன். டெமோ பாட்டு அவருக்கு வேண்டாம். தன்னுடைய கேசட்டைத்தான் போடுவார். ஒரு இடத்தை ஓடவிட்டுக் கேட்பார், ரீவைண்ட் செய்வார், அடுத்த இயர்போனை மாட்டுவார், மறுபடி அதே இடம்.

"எப்படி அண்ணை இருக்கு?" என்று கேட்டால், "இது ஒரு மாதிரிக் கேக்குது, அது வேற மாதிரிக் கேக்குது," என்பார். வாங்க மாட்டார். "பேந்து வாறன் தம்பி," என்று போய்விடுவார்.

இப்படியே வாரக்கணக்கில் நடந்தது. ஒருநாள் மிஷெல் என்னைத் தனியே அழைத்தார். "அந்த ஆளுக்கு ஒண்ணு வித்துடு. இல்லேன்னா இனிமே போர்டைத் தொட விடாதே."

அடுத்த முறை அவர் வந்தபோது எனக்குக் கால் கடுத்துக்கொண்டிருந்தது. காதுத் துளைக்குள்ளேயே போய் உட்காரும் புது மாடல் ஒன்று வந்திருந்தது, வெளிச்சத்தம் அதிகம் நுழையாது. அதை எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டார். உடனே கழற்றிவிட்டார்.

"இந்தக் கேசட்டுல என்னதான் இருக்கு அண்ணை? நானும் கேட்டாத்தானே எது பொருந்தும்னு சொல்ல முடியும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு வாக்மேனை நீட்டினார்.

ஒரு சிறுமியின் குரல். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் தொம் என்று ஒரு சத்தம். அவள் நிறுத்தினாள். பிறகு ஒரு பெண் குரல், "கெதியா வா பிள்ளை," என்று அவசரப்படுத்தியது. ரெக்கார்டரை நிறுத்திய ஓசை.

"யாரோ மைக்கைத் தட்டிட்டாங்க," என்றேன்.

"மைக் இல்லைத் தம்பி. ஷெல் குண்டு."

நான் இயர்போனைக் கழற்றினேன்.

"பிறகு கடிதம் ஒண்டும் வரேல்லை," என்றார் அவர். "கொழும்புக்கு வந்த ஒராள் மூலமாத்தான் இந்தக் கேசட் வந்தது. என்ரை உந்தப் பழசிலை கேட்டாத் தூரத்திலை விழுந்த மாதிரிக் கிடக்கு. இப்ப நீர் தந்ததிலை வீட்டு முத்தத்திலை விழுந்த மாதிரிக் கிடக்கு. நீர் இந்த வேலை தெரிஞ்ச ஆள். எது உண்மை?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி தன் முறைக்காகக் காத்திருந்தார். மிஷெல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த மாதிரி ரெக்கார்டரில் ஆட்டோ லெவல் இருக்கும். பெரிய சத்தம் வந்தால் தானே அமுக்கிவிடும், சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். கிட்ட விழுந்ததும் தூர விழுந்ததும் கேசட்டில் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் பதியும். "எந்த இயர்போனும் உங்களுக்கு இதைச் சொல்லாது அண்ணை. இந்தக் கடையில இருக்கற எதுவுமே."

"ஓம்," என்றார். அந்த ஒரு வார்த்தைதான். பிறகு போர்டில் கைவைத்து, பாஸே இல்லாத, யாரும் தொடாத மெலிந்த மாடலைக் காட்டினார். "உதைத் தாரும்."

இருந்ததிலேயே மலிவானது அதுதான். பில் போட்டேன். மிஷெல் உதட்டைப் பிதுக்கினார்.

3. பிறகு

அதற்கப்புறம் அவர் வரவில்லை. உணவகம் கைமாறியது என்று கேள்விப்பட்டேன். நானும் வேலையில் களைத்துப்போயிருந்தேன். விசாரிக்கவில்லை.

நெடுநாள் கழித்து ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, கடையில் கூட்டம் நெரிந்தது. குணம் அண்ணை உள்ளே வந்தார். கூடவே மனைவியும், புது ஜாக்கெட் போட்ட ஒரு பெண்பிள்ளையும். போன மாதம்தான் வந்து சேர்ந்தார்கள் என்றார். பிள்ளை போர்டைப் பார்க்கப் போனதும் மெதுவாகக் கேட்டேன், "அந்த ஷெல்?"

"பக்கத்து வீட்டு வளவுக்கை. கிணத்தடியிலை. எங்கடை வீட்டு ஓடும் உடைஞ்சு போட்டுது," என்றார் மனைவி. "இவர் அதை எத்தினை தரம் கேட்டிருப்பார் எண்டு இப்பத்தான் தெரியும்."

அப்படியானால் அவர் வாங்கிக்கொண்டு போனது, பாஸ் இல்லாததால் ஷெல்லைத் தூரத்தில் விழவைத்துப் பொய் சொன்ன இயர்போன். அதை அவரிடமே சொன்னேன்.

"தெரியும் தம்பி," என்றார். "வாங்கேக்கையே தெரியும். ஆனா அதைப் போட்டுக் கேட்டாத்தான் அடுத்த நாள் என்னாலை எழும்பி வேலைக்குப் போகேலும். பிள்ளையின்ரை குரல் அதிலை வடிவாக் கேட்டது."

அதன்பின் சில வருடங்கள் அந்தக் கவுண்டரில் நின்றேன். நல்ல சத்தம் எது என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. என்ன கேட்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பாடம் அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு வால்யூமைச் சமமாக வைத்துக் கொடுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.