டாக்டர் கொன்னுட்டாரு

எந்த நகரத்தில் சரக்கை இறக்கினாலும் சந்துபொந்தெல்லாம் புகுந்து, சின்னப் புத்தகக்கடைகளில் கொலைக்கதை தேடுவார் லாரிக்காரர். கோபம் வந்தால் அவருக்கு வாய்க்கு முன்னால் கை பேசும்.

அன்று மூன்றாவது கடையில், பாதி படித்துத் தொலைத்த நாவலே கிடைத்தது. கொலைகாரன் யாரென்று தெரியாமல் மண்டை காய்ந்துகொண்டிருந்தவர் அதைப் பாய்ந்து எடுத்தார். கடைக்காரருக்கோ வாய் சும்மா இருக்கவில்லை.

"கடைசியில டாக்டர் கொன்னுட்டாருண்ணே."

விட்டார் ஒரு குத்து. அலமாரி சரிந்தது. உதடு கிழிந்து விழுந்தவரின் கழுத்தை நெரித்தார்.

"கொலைகாரன் யாருன்னு உன்னை எவன்டா கேட்டான்?"

கடைக்காரர் திணறியபடி அட்டையைக் காட்டினார். ஆசிரியர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தது.

"எழுதினவரைச் சொன்னேண்ணே. முடிவு பிரமாதம்னேன்."

லாரிக்காரர் அவரைத் தூக்கி உட்காரவைத்து, தன் துண்டால் வாயைத் துடைத்துவிட்டார்.

"மன்னிச்சிருப்பா."

கடைக்காரர் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினார்.

"பரவாயில்லண்ணே. கொன்னது சமையல்காரன்."