ஈரப் புல்லும் அறுபத்திரண்டு கிலோவும்

காலை எட்டு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, அப்பாவின் முதலாளி குனிந்து புல்லில் உள்ளங்கையைத் தேய்ப்பதுதான். நனைந்த கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

சுவிட்சர்லாந்தின் வில் நகரில் அப்பா சமைத்த உணவகம் அவருடையது. நான்கு பேர் அமரும் சிறிய விமானம் ஒன்றும் வைத்திருந்தார். என் பத்தாவது பிறந்தநாளுக்கு அதில் ஒரு சுற்று என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் வேலை. அவருடைய இடத்தில் பெரியம்மா பீல் நகரிலிருந்து முதல்நாளே வந்துவிட்டார். புது நீல மேலங்கி. கோவிலில் எல்லோருக்கும் சொல்லியும் ஆயிற்று. எங்கள் குளியலறைத் தராசில் அவர் ஏறியபோது எண்பத்திரண்டு காட்டியதை நான் பார்த்திருந்தேன்.

ஓடுபாதை வெறும் வெட்டிய புல்தரை. பாதித் தூரத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதைத் தாண்டும்போது வேகமுள் நாற்பதைத் தொடாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்றார் முதலாளி. பிறகு ஒவ்வொருவரின் நிறையையும் கேட்டார். அப்பாவுக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி சமையலறையோடு சரி. வெளியே நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

“அறுபத்திரண்டு எண்டு சொல்லு, பிள்ளை,” என்றார் பெரியம்மா.

“மச்சாள், அது கலியாணத்துக்கு முந்திப் பாத்த நிறையோ?” என்றார் அப்பா.

“நீங்கள் முதல்ல உங்கட வயித்தைப் பாருங்கோ.”

அறுபத்திரண்டு என்றேன். முதலாளி பெரியம்மாவை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தாளில் எழுதினார்.

விமானம் குலுங்கிக்கொண்டு ஓடியது. முன் இருக்கைகளின் இடைவெளியில் முள்ளை மட்டும் பார்த்தேன். முப்பது, முப்பத்துநான்கு. பலகை ஜன்னலைக் கடந்தபோது முப்பத்தாறு. முதலாளி எஞ்சினை அடக்கி பிரேக்கை அழுத்தினார். வேலிக்கு வெகு முன்னாலேயே நின்றோம்.

இந்தப் பாரத்தை இழுக்க முடியாத அளவுக்குப் புல் ஈரமாக இருக்கிறது, வெயிலில் காய இரண்டு மணி நேரம் காத்திருக்கலாம் என்றார் அவர்.

“பாரம் கூடவாம்...” என்று தொடங்கினேன். மிச்சத்தைச் சொல்வதற்குள் பெரியம்மா இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டார்.

“எனக்குத் தலை இடிக்குது. நீங்கள் போயிட்டு வாங்கோ.”

“புல்லுக் காஞ்சாப் பிறகு எல்லாரும் போகலாமாம், பெரியம்மா.”

“ஓம், ஓம். எனக்குத் தலை இடிக்குது எண்டுறன்.”

கைபேசியை என்னிடம் தந்து, படம் எடுக்கச் சொல்லிவிட்டு இறங்கினார். நான் முதலாளியிடம் தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் பலகைக்கு முன்பே முள் நாற்பதைத் தாண்டியது. மேலேயிருந்து பார்த்தபோது நீல மேலங்கி விமானக் கொட்டகையருகே நின்று இரண்டு கைகளையும் ஆட்டியது. தலைவலி அவ்வளவு விரைவாகப் போனது எனக்கு அதிசயமாக இருந்தது.

முதல் ஓட்டத்துக்கு முன் எழுதிய அந்தத் தாளை முதலாளி எனக்கு நினைவாகத் தந்தார். இன்னும் வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் இருக்கைக்கு நேரே எண்பத்தைந்து என்று எழுதியிருக்கிறது.